மதிற்சுவரில் பால் கொடுத்தவள்

மூத்திர நாற்றத்தின் மேல் புதுப் பெயின்ட் அடித்தால் எழும் வாசனைக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. போன வாரம் தாம்பரம் சுரங்கப்பாதையில் இறங்கியபோது அது வந்தது. மேலாக இனிப்பு, அடியில் காரம். குளிக்காமல் பட்டுடுத்திக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தது போல. எங்கள் தெருக்கோடிக் கோயிலின் மதில் ஒரு மாதம் முழுக்க அப்படித்தான் நாறியது. அந்த மாதத்தில்தான் அதன் மேல் கண்ணன் பிறந்தான், தவழ்ந்தான், வெண்ணெய் திருடினான், மலையைத் தூக்கினான்.

கோயில் பழையதொன்றும் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடிவந்த பிறகு முளைத்தது. ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலைக் கூறு கூறாக விற்ற குடும்பம், விற்க வராத கோணல் மூலையொன்றைப் பெருமாளுக்குக் கொடுத்தது. கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் பெருமாளின் பெயரைவிட ஒரு விரற்கடை பெரிது. பின்மதில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் இருந்தது. இறங்குகிற ஆண்களுக்கெல்லாம் அந்தச் சுவரைக் கண்டதும் நீர் முட்டும். ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதிப் பார்த்தார்கள். குறி பார்த்து அடிக்க எழுத்துகள் உதவின.

ஆகவே புறநகர் முழுவதும் கையாளும் வழிக்கு வந்தார்கள். சுவரில் சாமி படம். கடவுளை வாட்ச்மேன் வேலைக்கு வைப்பது. மாட்டுக்கொட்டகைச் சாணத்தில் விளையாடியவனுக்கு இது ஒன்றும் புதிதாக இருந்திருக்காது. வெட்கம் நமக்கு இருக்க வேண்டியது, அது யாருக்கும் இல்லை.

கோயில் கமிட்டியின் செயலாளர் எங்கள் அடுக்ககத்திலேயே இருந்தார். பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றும் ஓய்வு பெறாதவர். நான் எழுதுகிறவள் என்பது அவருக்குத் தெரியும். என்ன எழுதுகிறேன் என்பது தெரியாது. “மேடம், பத்து பேனல். ஒவ்வொண்ணுக்கும் கீழே நாலு வரி வேணும். வெறும் கதை வேண்டாம். சிம்பாலிசம் இருக்கணும்” என்றார். வெண்ணெய் என்றால் மனம், பானை என்றால் உடம்பு, உறி என்றால் யோகம். மளிகைக் கடையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறாற்போல் அவர் ஒட்டிக்கொண்டே போனார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். காரணத்தை மறைப்பானேன்? எந்தப் பத்திரிகையும் எனக்கு அத்தனை பெரிய பக்கம் கொடுத்ததில்லை.

பட்டியலில் யசோதை இருந்தாள், வெண்ணெய் கடைந்துகொண்டு.

“குழந்தைக்குப் பால் கொடுக்கிற யசோதை இல்லையா சார்?”

“வேண்டாம் மேடம். ஃபேமிலிஸ் நடந்து போற ரோடு. நல்லா இருக்காது.”

“பூதனை இருக்காளே. அவளும் பால்தானே கொடுக்கறா?”

“அது பரவால்ல. அவ ராட்சசிதானே.”

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். கம்சன் அனுப்பியவள், மார்பில் நஞ்சு தடவிக்கொண்டு அழகியாய் வந்தவள், கண்ணன் பாலோடு உயிரையும் சேர்த்து உறிஞ்சியதில் செத்தவள்; அவளுக்கு மார்பு இருக்கலாம். வளர்த்தவளுக்கு இருக்கக் கூடாது. எங்கள் பேட்டையின் ஒழுக்கத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது. நான் அந்த இடத்திலேயே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. மாடிப்படி ஏறும்போதே நாலு வரி மனசுக்குள் ஓடத் தொடங்கியிருந்தது.

வரைய வந்தவர் மறைமலை நகர்க்காரர். கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளின் சுவர்களில், ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு சிரிக்கும் மனிதர்களை வரைகிறவர். முப்பது வயதிருக்கும். ஒன்பது பேனல்களில் கண்ணனும் அதே சிரிப்பைத்தான் சிரித்தான், விபத்தில்லா வாரம் கொண்டாடுகிறவனைப் போல. பூதனைப் பேனலில் மட்டும் ஏதோ நடந்துவிட்டது.

ஓவியம் பார்க்கத் தெரியும் என்ற அகங்காரம் எனக்கு உண்டு. தாய் பால் கொடுக்கும் படங்களில் அவள் கை குழந்தையின் தலைக்கு அடியில் இருக்கும், பார்வை குனிந்திருக்கும், குழந்தை அவளைப் பார்க்கும். பூதனையில் எல்லாம் தலைகீழ். அவள் வலக்கை விரிந்து மேலே உயரும், விட்டுவிடு என்று. கண்மணிகள் மேலே செருகும், உயிர் போவதால். குழந்தை அவளைப் பார்க்காது, நம்மைப் பார்க்கும். மூன்றையும் அவர் பிசகாமல் போட்டிருந்தார். ஆனால் அந்த வாய்! நீல வாய் அகலத் திறந்து, கருவட்டம் முழுவதையும் கவ்வி, கன்னம் உப்பி, தாடை அழுந்தி. எந்தக் காலண்டரிலும் அப்படியொரு வாயை நான் கண்டதில்லை.

“எங்கே பாத்து வரைஞ்சீங்க?”

“எங்க பாக்கறது மேடம். எங்க வூட்ல மூணு மாசக் கொயந்த கீது. என் வூட்டுக்காரி குடுக்கறத பாத்துகினு போட்டதுதான்.” வெட்கத்தில் தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “கோரப்பல்லு போடலாம்னு கேட்டேன். சார்தான் வாணாம்ட்டாரு. ஸ்கூல் பசங்க பயந்துக்குமாம்.”

அந்தப் படத்துக்கு நான் எழுதிய வரிகள் இவை:

கொடுக்க வந்தாள், கொடுத்தாள்.
குடிக்க வந்தான், குடித்தான்.
எது பால் எது உயிர் என்று
கேட்டுக்கொண்டு நிற்கிறது வாசல்.

எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. மற்ற ஒன்பதிலும் காளியன், கோவர்த்தனம் என்று பெயர் வரும்படி எழுதியவள், இதில் மட்டும் பெயரை விட்டேன். பெயர் போடுவது பள்ளிக்கூடப் புத்தக வேலை என்று நினைத்தேன். வாசகருக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டாமா? கமிட்டி படித்துப் பார்த்து, உபயதாரர் பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பிவிட்டது.

படத்துக்கு நேர் எதிரில், டிரான்ஸ்ஃபார்மர் ஓரமாக, ஒரு மீன்காரம்மா உட்கார்ந்திருப்பாள். கோவளத்திலிருந்து காலையில் அலுமினியக் கூடையோடு பஸ் ஏறி வருகிறவள். முன்பு மதிலோரமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். கும்பாபிஷேகத்துக்குப் பிறகு எதிர்ச்சாரிக்குத் துரத்தினார்கள். “மூத்திர நாத்தம் சாமிக்கு ஆவுமாம், மீன் நாத்தம் ஆவாதாம்” என்பாள், செதிளைச் சுரண்டிக்கொண்டே. எனக்கும் அவளுக்கும் வயது ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் என்னை அக்கா என்பாள். வாடிக்கைக்காரிகள் எல்லோரும் அக்காதான்.

பெயின்ட் காய்ந்த வாரத்தில் ஒரு நாள், மீனை நறுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“இந்த ஏரியாவுல பெத்து வுயுந்தவளுக்கெல்லாம் நான்தான்க்கா பால்சுறா குடுக்கறேன். புட்டு செஞ்சி துன்னா ஆறா ஊத்தும். என் வூட்ல பெத்துகினு கீறா ஒருத்தி, சொட்டு இல்ல.”

மகளுக்கு அது இரண்டாவது குழந்தை. முதல் குழந்தை நாற்பது நாளில் போய்விட்டது. என்ன நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது புகுந்த வீட்டுக்கு ஏறவில்லை. அவ பாலுதான் கெட்ட பாலு, விஷப் பாலு என்று மாமியார் கடற்கரை முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது பெண் குழந்தை. பிறந்து பதினோரு நாள். மகள் மார்பில் வைக்கவே அஞ்சுகிறாள், ஒரு நொடி வைத்து எடுத்துவிடுகிறாள். பாலாடையில் பவுடர் பால்.

“வெச்சாதான ஊறும். இவ இத்துனூண்டு நெஞ்சைத் தொட வெச்சுட்டு இஸ்துக்கறா” என்றவள், கத்தியால் மதிலைக் காட்டினாள். “தோ பாருக்கா. அது எப்டி வாயை நெறப்பிகினு இயுக்குது. அந்தம்மாவுக்கு அருள் வந்து கண்ணு சொருவிகினு கீது. ஆனாலும் கைய தூக்கி, பயப்படாதடின்றா.”

நான் மதிலைப் பார்த்தேன். பார்க்கத் தெரிந்த எனக்கு அதுவரை தெரியாத படம் அங்கே இருந்தது. சாகிறவளின் செருகிய கண். சாமி வந்து ஆடுகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது அருள். விட்டுவிடு என்று உயர்ந்த கை. கோயிலில் எல்லாச் சாமியும் காட்டுகிற கை.

“கீய இன்னா எழுதிகீது? நல்லாப் படிச்சிக் காட்டு.”

நான் எழுதியதுதான் என்று சொல்லிப் படித்துக் காட்டினேன். ஏற்ற இறக்கத்தோடு. கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“எந்தம்மாக்கா இது?”

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சுவரோரம் செயலாளரின் கார் நின்றிருந்தது. பின்கண்ணாடியில் நாமம், பக்கத்துச் சுவரில் இங்கே வண்டி நிறுத்தினால் காற்றைப் பிடுங்குவோம் என்ற கமிட்டியின் எச்சரிக்கை. இவர் மதிலில் இவர் அரக்கிக்கு ஒரு மீன்காரி கும்பிடு போட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு குறுகுறுப்பு. உள்ளூரத் தித்தித்தது.

“பால் கொடுத்த அம்மா” என்றேன்.

பொய்யில்லை. அதுதான் அதில் இழிவு.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்துபோய் செல்லில் படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பூதனையின் பாதத்தில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. “செல்லுல பாத்துகினே குடுத்தாக்கா. அதே மாரி வாயை அகலமா தொறக்க வெச்சு அமுக்கிப் புடிச்சுகினா. மூணாம் நாளு பாலு. ரவிக்கை நனையுது!” என்று எனக்கு ஒரு கூறு நெத்திலியைக் கூடையிலிருந்து அள்ளிச் சும்மா போட்டாள். கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் பூக்காரி வந்தாள். அடுக்ககத்தில் வேலை செய்யும் பெண்கள் வந்தார்கள், தங்கள் மகள்களுக்காக. கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. பூதனையின் காலடியில் பாலாடைகள் வரிசை கட்டின. வேண்டுதல் பலித்தவர்கள், இனி வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனவை. ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை: மலை தூக்கிய கண்ணனின் காலடியில் ஆண்கள் அதே பழைய வேகத்தில் பெய்துகொண்டிருந்தார்கள். பூதனை முன்னால் மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். கமிட்டி நினைத்த காரியத்தைப் பத்துப் பேனல்களில் ஒருத்திதான் செய்தாள்.

கமிட்டிக்கு அது தெரியவர ஒரு மாதம் பிடித்தது. வெளிச்சுவரை அவர்கள் காருக்குள்ளிருந்துதான் பார்ப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள்.

“அரக்கிக்குப் பூஜை நடக்குது மேடம்! தெரியுமா உங்களுக்கு?” செயலாளரின் குரல் நடுங்கியது. “பூதனைன்னா அவித்யை, அஞ்ஞானம். அந்தப் பால் விஷய வாசனை, உலக ஆசை. அதை ஜனங்க கேட்டு வாங்கிட்டுப் போறாங்க!”

“அதே பூதனைக்குத் தாயோட இடத்தைக் கண்ணன் கொடுத்தான்னு உபன்யாசத்துல சொன்னாங்களே சார். கொல்ல வந்தாலும் மார்பு கொடுத்தவளாச்சேன்னு.”

“அது உள்ளே சொல்றது. வெளிச் சுவத்துல அதெல்லாம் சொல்ல முடியாது. யார் யாரோ படிப்பாங்க.”

எப்பேர்ப்பட்ட தத்துவம். கருணை உள்பிராகாரத்தோடு சரி, தெருவுக்குப் பல். தீர்மானம் சட்டென்று நிறைவேறியது. இரண்டு கோரைப்பல், வாயோரம் ரத்தம், மார்பில் பச்சை நிறத்தில் நஞ்சு, கீழே கொட்டை எழுத்தில் ‘பூதனை என்னும் அரக்கி’. என் நாலு வரிகளை அழித்துவிடுவார்கள் என்றதும் எனக்கு முதலில் வலித்தது அதுதான். இதையும் எழுதிவைக்கிறேன்.

மறுநாள் காலை மதிலைக் கடந்தபோது ஓவியர் ஸ்டூல் போட்டு ஏறியிருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் அடியில் மீன்கூடை இல்லை. அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை. மகளையும் பேத்தியையும் கூட்டி வந்து, குழந்தையைப் படத்தின் முன்னால் கிடத்தி எடுக்கப் போவதாக அவள் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். விஷப் பால் என்று ஒருமுறை கேட்டு மார்பை மூடிக்கொண்டவள் அந்த மகள். பச்சை நஞ்சு வழியும் மார்பைத் தன் சாமி என்று வந்து பார்த்தால் மறுபடி மூடிக்கொள்வாள். பிறகு அந்தக் குழந்தைக்கு யார் எதைச் சொல்லிப் பால் வாங்கித் தருவது?

“ஒரு மணி நேரம் நிறுத்துங்களேன்” என்றேன் ஓவியரிடம்.

“ஒரு பல்லு போட்டாச்சு மேடம். இதோட வுட்டா தெத்துப்பல்லு மாரி இருக்கும். சார் வந்தாருன்னா பேஜாராயிடும்.” திரும்பாமலே பேசினார். “எனுக்கும் மனசு இல்ல. வூட்டுக்காரி மூஞ்சி மேடம் அது.”

ஷேர் ஆட்டோவில் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கோவளத்துக்காரர்கள் ஏறி வரும் கேளம்பாக்கம் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. மூன்றாவதில் இறங்கினார்கள். மீன்காரம்மா கூடை இல்லாமல், மஞ்சள் புடவையில், யாரோ போல இருந்தாள். பின்னால் மகள், துண்டில் சுற்றிய குழந்தை. இரண்டு மாதக் குழந்தை, கன்னம் தொங்கியது. இறங்கியதும் அது அழ, மகள் நிழற்குடையின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பழகிய கையால் வாயோடு சேர்த்தாள். அழுகை நின்றது.

அம்மாவைத் தள்ளிக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பூதனை யார், எதைத் தடவிக்கொண்டு வந்தாள், எப்படிச் செத்தாள். அந்தக் கை எதற்கு உயர்ந்தது. இப்போது மதிலில் என்ன நடக்கிறது.

அவள் கேட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, அப்படி.

“அன்னிக்கி நான் கேட்டனே. எந்தம்மான்னு.”

“ஆமா.”

“உனக்கு அப்பவே தெரியும்.”

“தெரியும்.”

“எதுக்கோசரம் சொல்லல?”

செயலாளரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கார், நாமம், யசோதைக்கு மார்பு கூடாது என்றது. அத்தனை நாள் எனக்குள் சுடச்சுட வைத்திருந்த ஏளனம் முழுவதும் பஸ் ஸ்டாண்டின் வெயிலில் ஆறிய டீயாக இருந்தது.

“உங்க சண்டைக்கு எம்பொண்ணுதான் கெடச்சாளா?” என்றாள். குரலை உயர்த்தவில்லை, மகள் கேட்டுவிடுவாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அரக்கியோ கிரக்கியோ. கேட்டதுக்கு அவ குடுத்தா. இந்தப் பல்லு வரையற கும்பல்ல எவன் குடுத்தான்?” பிறகு, தனக்குத்தானே: “இவ செல்லுல கீற அம்மாவுக்குப் பல்லு இல்ல. அது போதும்.”

மகளிடம் நடந்துபோனாள். “எய்ந்திரு. கோயில் சாத்திகீதாம். அந்தத் தெருவுல சாவாம். இந்த அக்கா சொல்ல வந்திருக்காங்க.”

“தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துர்லாம்மா.”

“தீட்டுன்னு துணி போட்டு மூடிகீறாங்களாம். வா, வூட்டுக்குப் போலாம்.”

மகள் எழுந்திருக்கவில்லை. குழந்தை இன்னும் குடித்து முடிக்கவில்லை. முந்தானைக்குள் அது விழுங்கும் சத்தம், க்ளுக், க்ளுக் என்று, அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் முகவெட்டு, ஆனால் பயந்த கண்.

“அக்கா, நீங்கதான அத்த எழுதுனீங்க? அம்மா சொல்லிச்சு. அந்தச் சாமி பேரு இன்னாக்கா? கொயந்தைக்கு அந்தப் பேரையே வெச்சுர்லாம்னு கீறேன்.”

யசோதை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அழகான பெயர், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஃபேமிலிஸ் நடந்து போற ரோட்டுக்கு ஏற்ற பெயர். மீன்காரம்மா என்னையே பார்த்தாள். இன்னொரு அரைப் பொய்யை எப்படி அவிழ்ப்பேன் என்று பார்ப்பவளைப் போல.

“பேரு எழுதலடி அதுக்கு” என்றாள் அவளே. “நாம ஒண்ணு வெச்சுப்போம். நடை கட்டு.”

அவர்கள் வந்த அதே வண்டி திரும்பிப் போகத் தயாராக நின்றது. மகளை முதலில் ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து, குழந்தை முகத்தில் வெயில் படாமல் துண்டை இழுத்துவிட்டாள். நான் படிக்கட்டருகில் நின்றிருந்தேன். திங்கட்கிழமை வருவீர்களா என்று கேட்க நினைத்தேன். கண்டக்டர் விசில் ஊதினார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“இனிமே செவுத்துல எத எழுதுனாலும், பேரப் போட்டு எழுதுக்கா.”